சிவப்பணு ஹார்மோனும் வெள்ளையணுக்களும் – ஒரு நீண்ட கதை

1975ஆம் வருடம், கிறிஸ்துமஸ் சமயம். சிகாகோவில் பாமர் ஹவுஸ் என்று ஒரு பழைய, பெரிய ஹோட்டல். அதன் வரவேற்புக் கூடத்தில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவர் ஜப்பானின் குமமோட்டோவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் தகாஜி மியாகே. இன்னொருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் யூஜீன் கோல்ட்வாசர். மியாகே கையில் பட்டுத் துணியில் அழகாகச் சுற்றிய ஒரு பொட்டலம்.

பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் முகம் சுளிப்பீர்கள். சிறுநீர்! ஏப்லாஸ்டிக் அனீமியா என்ற கடுமையான இரத்தசோகை வந்த நோயாளிகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 2,550 லிட்டர் சிறுநீரை வற்ற வைத்து, காய வைத்து, சின்னப் பொட்டலமாக்கிக் கொண்டு வந்திருந்தார் மனிதர். அந்தப் பொட்டலத்துக்காகத்தான் கோல்ட்வாசர் இருபது வருடமாகக் காத்திருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

அதற்குள் ஒளிந்திருந்த பொருளின் பெயர் எரித்ரோபாய்ட்டின். சுருக்கமாக ஈபிஓ. சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும். 1998ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தையே நாறடித்த ஊக்கமருந்து இதுதான். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2013ல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட பட்டியலிலும் இது இருந்தது. அது தனிக்கதை. இங்கே சொல்ல வந்தது வேறு. சிவப்பணுவுக்கென்றே பெயர் வைக்கப்பட்ட இந்த ஹார்மோன் வெள்ளையணுக்களையும் தொடுகிறது. அதற்கான முதல் தடயம் அந்தப் பொட்டலம் திறக்கப்பட்ட அதே ஆய்வுக்கூடத்தில், சுத்தமான ஹார்மோன் கிடைத்த அதே வருடத்தில் கிடைத்தும், பல வருடங்களுக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்?

கதையைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன அடிப்படை வேண்டும். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் தொழிற்சாலை. அங்கே தாய்ச் செல்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. ஸ்டெம் செல் என்று பேப்பரில் படிப்போமே, அதுதான். ஆக்ஸிஜன் சுமக்கும் சிவப்பணு, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், எல்லாமே இந்த ஒரே கூட்டத்திலிருந்து பிறந்து வருபவைதான். இதில் சிவப்பணுக்கள் மட்டுமே நொடிக்குச் சுமார் 20 இலட்சம் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் கிட்டத்தட்ட 120 நாள்.

இந்தத் தொழிற்சாலைக்கு யார் உத்தரவு போடுவது என்பதுதான் பழைய கேள்வி.

1890ல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சுக்காரர் பெரு நாட்டின் மலைக்குப் போனார். மொரோகோச்சா என்ற சுரங்க ஊர். 4,000 மீட்டருக்கும் மேலே. கீழே இருந்தபோது தன் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சம் என்று எண்ணிய சிவப்பணுக்கள், மலையில் சில வாரங்களிலேயே 70 இலட்சத்தைத் தாண்டிவிட்டதைக் கண்டார். காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் உடம்பு சிவப்பணுவைக் கூட்டுகிறது. ஆனால் மெல்லிய காற்று பற்றிய சேதி மஜ்ஜைக்கு எப்படிப் போகிறது?

1906ல் பாரிஸில் பால் கார்னோவும் அவரிடம் பணியாற்றிய டெஃப்லாண்ட்ர் என்ற பெண்ணும் ஒரு சோதனை செய்தார்கள். முயலின் இரத்தத்தைக் கொஞ்சம் வடித்தெடுத்து அதற்கு இரத்தசோகை வரவைத்தார்கள். அந்த முயலின் சீரத்தை நல்ல முயலுக்கு ஊசி போட்டார்கள். நல்ல முயலின் சிவப்பணு ஏறியது என்று எழுதினார்கள். ஆக, சேதி இரத்தத்தின் வழியே போகிறது! ஆனால் இதைத் திரும்பச் செய்து பார்த்த பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. விஷயம் பல வருடம் இழுபறியில் கிடந்தது.

1948ல் ஹெல்சிங்கியில் ஈவா பான்ஸ்டார்ஃப், ஏவா யாலவிஸ்டோ என்ற இருவர் இந்தக் கற்பனைப் பொருளுக்கு எரித்ரோபாய்ட்டின் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் சூட்டு விழா! எரித்ரோ என்றால் சிவப்பு. அதாவது சிவப்பை உண்டாக்குவது. பொருள் கையில் கிடைக்கும் முன்பே அதன் வேலை இன்னதுதான் என்று பெயரிலேயே முடிவாகிவிட்டது. பின்னால் நடந்ததில் இந்தப் பெயருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே தோன்றுகிறது.

1950ல் கர்ட் ரைஸ்மன் இரண்டு எலிகளை அறுவை செய்து ஒட்டி வைத்து, ஒன்றுக்கு மட்டும் ஆக்ஸிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தார். இரண்டு எலிகளின் மஜ்ஜையும் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டின. 1953ல் ஆலன் எர்ஸ்லெவ், கார்னோவின் பழைய முயல் சோதனையையே, ஆனால் மிக அதிக அளவு பிளாஸ்மா ஏற்றிச் செய்து காட்டினார். இந்த முறை யாராலும் மறுக்க முடியவில்லை. ஹார்மோன் இருக்கிறது. ஆனால் அளவு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு.

இங்கேதான் கோல்ட்வாசர் வருகிறார். 1955ல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்ற மூத்த டாக்டர் இந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார். ஜேக்கப்சனும் சாதாரண ஆள் இல்லை. எலியின் மண்ணீரலை ஈயத் தகட்டால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சைப் பாய்ச்சினால் எலி பிழைத்துக் கொள்கிறது என்று காட்டியவர். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு அது. அணுகுண்டு காலத்துப் பயம் இரத்த ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டிய காலம். அவர்கள் வேலை செய்த மருத்துவமனையே அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பணத்தில் நடந்ததுதான்.

சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தார் கோல்ட்வாசர். முதல் வெற்றி சீக்கிரம் வந்தது. எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பிட்யூட்டரியை எடுத்தாலும் தைராய்டை எடுத்தாலும் ஹார்மோன் சுரக்கிறது. இரண்டு சிறுநீரகத்தையும் எடுத்தால் நின்றுவிடுகிறது. 1957ல் இதை அறிவித்தார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஏன் இரத்தசோகை வருகிறது என்ற கேள்விக்கும் அதோடு விடை கிடைத்தது.

அடுத்த கட்டம்தான் மலையாய் நின்றது. செம்மறியாடுகளுக்கு இரத்தசோகை வரவைத்து, அவற்றின் இரத்தத்தை வடித்து, சுத்திகரித்து, வருடக்கணக்காக முயன்று 1971ல் கடுகளவுகூட இல்லாத ஆட்டு ஈபிஓ கிடைத்தது. மனித ஈபிஓவுக்கு வழி? ஏப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் மஜ்ஜை வேலை நிறுத்தம் செய்துவிடும். சிறுநீரகமோ "இரத்தம் செய், இரத்தம் செய்" என்று ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கேட்க ஆளில்லாத உத்தரவு சிறுநீரில் வெளியேறும். மியாகேயின் பொட்டலத்துக்கு இதுதான் மதிப்பு. அதிலிருந்து 1977ல் கோல்ட்வாசரும் மியாகேயும் அவர்களோடு வேலை செய்த குங்கும் பிரித்தெடுத்த சுத்தமான மனித ஈபிஓ சுமார் 8 மில்லிகிராம். 2,550 லிட்டரிலிருந்து 8 மில்லிகிராம்! சில மாத வேலை 22 வருடமாகியிருந்தது.

எல்லாப் புத்தகங்களும் 1977 என்றால் இந்தக் கட்டுரையைத்தான் சொல்கின்றன. ஆனால் அதே 1977ல் கோல்ட்வாசரின் பெயரோடு இன்னொரு கட்டுரையும் சயன்ஸ் இதழில் வந்தது. கூட எழுதியவர் கேரி வான் ஸான்ட்.

அவர்கள் செய்தது எளிமையான சோதனை. எலியின் மஜ்ஜைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அதற்கு ஈபிஓவையும் கொடுத்தார்கள். வெள்ளையணுக்களை வளரச் செய்யும் காலனி ஸ்டிமுலேட்டிங் ஃபேக்டர் என்ற இன்னொரு பொருளையும் கூடவே கொடுத்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு உத்தரவுகள் என்றால் இரண்டு வேலையும் தனித்தனியே நடந்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. வெள்ளையணு உத்தரவைக் கூட்டினால் ஹீமோகுளோபின் தயாரிப்பு குறைந்தது. ஈபிஓவைக் கூட்டினால் வெள்ளையணுக் காலனிகள் குறைந்தன. இரண்டு பேரும் ஒரே வேலையாளைக் கையைப் பிடித்து இழுப்பது போல. 1979ல் ப்ளட் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே போட்டி என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

பட்ஜெட்டில் ஒரு துறைக்கு அதிகம் ஒதுக்கினால் வேறொரு துறைக்குக் குறையும் என்பது யாருக்கும் புரியும். மஜ்ஜையிலும் அப்படித்தானா? அப்படியென்றால் சிவப்பணுவுக்காகப் போடும் ஒவ்வொரு ஊசியும் நோய் எதிர்ப்பு செல்களின் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கிறதா? இது 1977லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கேட்காமல் விட்டதற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் இரத்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஹார்மோன்தான் தாய்ச் செல்லிடம் "நீ சிவப்பாகு" என்று சொல்கிறது என்றது ஒரு கட்சி. இல்லை, தாய்ச் செல் தன்னிஷ்டத்துக்கு, கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒரு பாதையைத் தேர்ந்துகொள்கிறது; ஹார்மோன் அந்தப் பாதையில் ஏற்கெனவே வந்துவிட்டதற்குச் சோறு போட்டு உயிரோடு வைக்கிறது, அவ்வளவுதான் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் பலம் பெரிது. தாய்ச் செல் இருப்பதைச் சோதனையில் காட்டிய டொரான்டோவின் டில், மக்கல்லக் ஜோடியே 1964ல் குலுக்கல் கருத்தை முன்வைத்திருந்தது.

அடுத்தடுத்து வந்த சான்றுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 1990ல் கூரி, பாண்டுரன்ட் இருவரும் ஈபிஓ இல்லாவிட்டால் இளம் சிவப்பணுச் செல்கள் தற்கொலை செய்துகொள்கின்றன, ஈபிஓ அதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். 1995ல் ஹார்வி லோடிஷ், ருடால்ஃப் யேனிஷ் குழுவினர் ஈபிஓ மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவை 13ஆம் நாள் வாக்கில் கருவிலேயே கடும் இரத்தசோகையால் இறந்தன. ஆனால் அந்தக் கருக்களிலும் சிவப்பணுவாகப் போகும் ஆரம்பநிலைச் செல்கள் ஒழுங்காகவே உருவாகியிருந்தன. அதாவது, ஈபிஓ இல்லாமலேயே செல்கள் சிவப்புப் பாதைக்கு வந்துவிடுகின்றன. முடிவு நடைக்குத்தான் ஈபிஓ வேண்டும். வழக்கு முடிந்தது மாதிரி இருந்தது. பாதையைத் தேர்வதில் ஈபிஓவுக்கு வேலையே இல்லை என்றால் வெள்ளையணுக்களோடு போட்டி எங்கிருந்து வரும்?

இந்தச் சோதனையில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் "இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்பது ஒரு கேள்வி, "அளவுக்கு மீறி இருந்தால் என்ன ஆகும்" என்பது வேறொரு கேள்வி. மருத்துவமனைகளில் நடந்துகொண்டிருந்ததோ இரண்டாவது.

ஏனென்றால் அதற்குள் ஈபிஓ மருந்தாகி, சக்கைப்போடு போட ஆரம்பித்திருந்தது. கோல்ட்வாசர் தன் கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகத்திடம் தெரிவித்தும் காப்புரிமை எதுவும் எடுக்கப்படவில்லை. 1980ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆம்ஜென் என்ற சின்னக் கம்பெனி அவருடைய சுத்தமான ஈபிஓவை வைத்து வேலையை ஆரம்பித்தது. தைவானிலிருந்து வந்த ஃபூ-குவென் லின் 1983ல் மரபணுவைக் கண்டுபிடித்தார். அதை வெள்ளெலி இனமான ஹாம்ஸ்டரின் செல்களுக்குள் வைத்து ஹார்மோனை உற்பத்தி செய்தார்கள். 1987ல் சியாட்டில் டாக்டர்களின் முடிவுகள் வந்தன. டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தசோகை ஊசியிலேயே சரியாகிறது! 1989 ஜூனில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இந்த இடத்தில் மருந்தின் நல்ல பக்கத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அதுவரை டயாலிசிஸ் நோயாளிகள் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும். உடம்பில் இரும்பு சேரும். இன்னொன்றும் உண்டு. பிறர் இரத்தம் ஏற ஏற, நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியத் திசுக்களுக்கு எதிராகக் கத்தி தீட்டி வைத்துக்கொள்ளும். பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கஷ்டமாகிவிடும். ஈபிஓ இதையெல்லாம் ஒரே வீச்சில் குறைத்தது. படிக்கட்டு ஏற முடியாமல் கிடந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். இந்த மருந்தை வில்லனாக்கி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் காசு உள்ளே வந்தது. அமெரிக்காவில் டயாலிசிஸ் செலவை 1970களிலிருந்தே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. முதலில் ஒரு டயாலிசிஸுக்கு 40 டாலர் என்று கொடுத்தார்கள். 10,000 யூனிட்டுக்குள் எவ்வளவு போட்டாலும் அதே தொகை. மையங்கள் சிக்கனமாகப் போட்டன. 1991ல் விதி மாறியது. 1,000 யூனிட்டுக்கு 11 டாலர். அதாவது, அதிகம் போட்டால் அதிகம் வரும். டோஸ் ஏறத் தொடங்கியது. கணக்குப் பதிவியல் முதலாண்டு மாணவனுக்கே புரிகிற விஷயம் :-) பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று, ஹீமோகுளோபின். அது ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம். வெள்ளையணு எண்ணிக்கை பொதுவாகப் பெரிதாக மாறவில்லை. அதனால் அந்தப் பக்கம் தேட யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆனால் எண்ணிக்கை மாறாமலேயே செல்களின் குணம் மாறலாம். அதை இரத்தப் பரிசோதனைச் சீட்டு காட்டாது.

முதல் அடி 1998ல் விழுந்தது. இதய நோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரத்தத்தின் சிவப்பணு விகிதத்தை ஆரோக்கியமானவர்கள் அளவான 42க்கு ஏற்றவும், மறு பாதிக்கு 30லேயே வைக்கவும் முயன்றார்கள். ஏற்றினால் நன்றாக இருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏற்றிய பக்கத்தில் 183 பேரும் மற்றப் பக்கத்தில் 150 பேரும் இறந்தார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2006லும் 2009லும் வந்த பெரிய ஆய்வுகளும் இதே மாதிரிதான். 4,038 பேரை வைத்து நடந்த 2009 ஆய்வில் பக்கவாதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இரத்தம் கெட்டிப்படுவது, அடைப்பு, இரத்த அழுத்தம் என்று இவற்றுக்கு விளக்கங்கள் சொல்லப்பட்டன.

புற்றுநோய்ப் பக்கம் இன்னும் சங்கடம். 2003ல் ஜெர்மனியின் மைக்கேல் ஹென்கே குழு, தலை-கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 351 பேரின் முடிவை லான்செட் இதழில் வெளியிட்டது. ஈபிஓ போட்டவர்களுக்கு இரத்தசோகை அழகாகச் சரியானது. ஆனால் புற்றுநோய் கட்டுக்குள் வருவது அவர்களிடம் மோசமாக இருந்தது. 2007 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மருந்துகளின் மேல் தன் மிகக் கடுமையான கறுப்புப் பெட்டி எச்சரிக்கையைப் போட வைத்தது. 2011ல் மெடிகேர் மறுபடி விதியை மாற்றி மருந்தையும் டயாலிசிஸையும் ஒரே தொகைக்குள் அடக்கியது. டோஸ் குறைந்தது. விதி மாறியதும் மருந்துத் தேவையும் குறைந்துவிட்ட இந்த அதிசயத்தைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் தனியாக எழுதலாம்.

புற்றுநோய் ஏன் மோசமானது? கட்டியின் செல்களே ஈபிஓவைக் குடித்து வளர்கின்றனவா என்று ஒரு பக்கம் பெரிய சண்டை நடந்தது. இன்னொரு பக்கம், மெதுவாக, நோய் எதிர்ப்பு செல்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே கிடைத்த முதல் சேதி நேர் எதிரானது!

2001ல் டெல் அவீவின் மோஷே மிட்டல்மன், ட்ரோரிட் நியூமன் இருவரும் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள எலிகளுக்கு ஈபிஓ போட்டபோது பல எலிகளில் கட்டி கரைந்தது. டி செல்கள் இல்லாத எலிகளில் இது நடக்கவில்லை. ஆக, ஈபிஓ நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்றார்கள். ஹார்மோன் நண்பனா, எதிரியா?

அடுத்த வருடமே கதை தலைகீழாகத் திரும்பிய ஒரு சம்பவமும் உண்டு. ஐரோப்பாவில் பைத்தியப் பசு நோய்ப் பயத்தால் 1998ல் ஒரு ஈபிஓ மருந்தில் கலந்திருந்த மனித ஆல்புமினை எடுத்துவிட்டு வேறு பொருளைச் சேர்த்தார்கள். சில நோயாளிகளின் உடம்பு ஊசியில் வந்த ஈபிஓவை எதிரி என்று எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்ப்பொருள் செய்தது. அந்த எதிர்ப்பொருள் அவர்களுடைய சொந்த ஈபிஓவையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. 2002ல் பாரிஸின் நிக்கோல் காஸடேவால் இப்படி 13 பேரைப் பற்றி எழுதியபோதுதான் உலகம் விழித்தது. ஹார்மோன் எதிர்ப்பு செல்களைத் தொட்டது போக, எதிர்ப்பு செல்கள் ஹார்மோனையே தொட்டுவிட்ட கதை.

2011ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து மன்ஃப்ரெட் நைர்ட்ஸ், குண்டர் வைஸ் குழுவின் கட்டுரை வந்தது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் மீதும் ஈபிஓவைப் பிடிக்கும் ஏற்பி இருக்கிறது. ஈபிஓ பட்டதும் அவை சாந்தமாகிவிடுகின்றன. சால்மோனெல்லா கிருமி தாக்கிய எலிகளுக்கு ஈபிஓ கொடுத்தால் நிலைமை மோசமாகிறது. குடல் அழற்சி வந்த எலிகளுக்குக் கொடுத்தாலோ நிலைமை தேறுகிறது. ஒரே மருந்து, ஒரே செல், ஒரே வேலை. சண்டை தேவைப்படும் இடத்தில் அந்தச் சாந்தம் கெடுதல், சண்டை எல்லை மீறிய இடத்தில் அதுவே மருந்து. டெல் அவீவ் எலிகளுக்கும் மற்ற முடிவுகளுக்கும் உள்ள முரணை இது முழுசாகத் தீர்க்கவில்லை. ஆனால் நண்பனா எதிரியா என்ற கேள்வியே சரியில்லை என்பதையாவது காட்டியது.

2014ல் பழைய வழக்கு மறுபடி திறந்தது. அமித் குரோவர், கிளாஸ் நெர்லோவ் குழுவினர் எலிகளின் உடம்பில் ஈபிஓ அளவை ஏற்றிவிட்டு, கடைசிக் கட்டச் செல்களை விட்டுவிட்டு, மேலே உள்ள தாய்ச் செல்களையே எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குள் சிவப்பணுவுக்கான மரபணுத் திட்டங்கள் விழித்திருந்தன. வேறு வகை இரத்த அணுக்களுக்கான திட்டங்கள் அடங்கியிருந்தன. அந்தத் தாய்ச் செல்களை வேறு எலிகளுக்கு மாற்றி வைத்தால், அங்கேயும் முதலில் சிவப்பணுப் பக்கமே சாய்ந்தன. அதாவது ஈபிஓ அதிகமாக இருக்கும்போது சோறு போடுவதோடு நிற்பதில்லை. வாசலிலேயே நின்று பாதையைக் காட்டுகிறது. வான் ஸான்டும் கோல்ட்வாசரும் கண்ணாடித் தட்டில் பார்த்ததற்கு 37 வருடம் கழித்து! 1995 எலிகளோடு இது முரண்படவும் இல்லை. ஈபிஓ இல்லாமலும் சில செல்கள் அந்தப் பாதைக்கு வரும். ஈபிஓ பெருகினால் கூட்டமே அந்தப் பக்கம் திரும்பும்.

இதற்குள் இளம் சிவப்பணுக்களே சும்மா இருப்பதில்லை என்பதும் தெரிந்திருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு ஏன் கிருமித் தொற்று சுலபமாக வருகிறது? எதிர்ப்பு செல்கள் முதிரவில்லை என்பதுதான் வழக்கமான பதில். 2013ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஷோக்ரோல்லா எலாஹி, சிங் சிங் வே குழுவினர், பிறந்த எலிக்குட்டிகளில் நிரம்பியிருக்கும் முதிராத சிவப்பணுக்களே எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கின்றன என்று காட்டினார்கள். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் முதல்முறை குடியேறும்போது உடம்பு கலவரம் செய்யாமல் இருக்க இது ஒரு ஏற்பாடாம். 2018ல் சீனாவின் போ ஷூ குழு, முற்றிய கட்டிகள் உள்ள எலிகளின் மண்ணீரலில் இதே மாதிரியான இளம் சிவப்பணுச் செல்கள் குவிந்து, புற்றுநோயோடு போராட வேண்டிய டி செல்களை அடக்குவதைக் கண்டது. பிறந்த குழந்தைக்கு நல்லதுக்காக இருந்த ஏற்பாட்டைக் கட்டி திருடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2016ல் சீனாவிலிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, இறந்த செல்களை மேக்ரோஃபேஜ்கள் சத்தமில்லாமல் அப்புறப்படுத்துவதற்கு ஈபிஓ உதவுகிறது என்றது. அந்த ஏற்பி மேக்ரோஃபேஜ்களில் இல்லாத எலிகளுக்கு, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் லூபஸ் போன்ற நோய் வந்தது. ஆக, சிவப்பணு ஹார்மோன் என்று பெயர் பெற்ற இது, சாதாரண நாட்களில் "அமைதியாக இருங்கள்" என்று எதிர்ப்பு செல்களுக்குச் சொல்லும் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2025 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் சியூ, எட்கர் எங்கிள்மன் குழு வெளியிட்டது இந்த வரிசையில் பெரிய அடி. கல்லீரல் புற்றுநோய் உள்ள எலிகள். சில வகைக் கட்டிகளுக்குள் டி செல்கள் நுழைவதேயில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய சிகிச்சைகள் அங்கே பலிப்பதில்லை. காரணத்தைத் தேடிப் போனால், கட்டியே ஈபிஓ செய்து பக்கத்திலுள்ள மேக்ரோஃபேஜ்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஈபிஓ பட்ட மேக்ரோஃபேஜ்கள் டி செல்களைத் துரத்தும் காவலாளிகளாக மாறிவிடுகின்றன. அந்த மேக்ரோஃபேஜ்களின் ஈபிஓ ஏற்பியை மட்டும் நீக்கிவிட்டு எதிர்ப்புச் சிகிச்சை கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின.

எலியில் நடப்பதெல்லாம் மனிதரில் நடக்காது. 2003ல் ஹென்கேயின் நோயாளிகளுக்கு நடந்ததற்குக் காரணம் இதுதான் என்று இன்று யாரும் அடித்துச் சொல்லவும் முடியாது. டயாலிசிஸ் நோயாளிக்கு டாக்டர் கணக்குப் பார்த்துப் போடும் ஊசியைப் பயந்து நிறுத்துவதற்கும் இதில் எந்த ஆதாரமும் இல்லை. இரத்தசோகையைச் சரிசெய்ய இன்றும் உலகம் முழுக்க அது போடப்பட்டு வருகிறது, முன்பைவிடக் குறைந்த இலக்கோடு.

கோல்ட்வாசர் 2010 டிசம்பரில் இறந்தார், 2014 ஆய்வு வருவதற்கு நான்கு வருடம் முன்பு. அவருடைய நினைவுக் குறிப்புகள் அடுத்த வருடம் புத்தகமாக வந்தன.